பதினாறு நிறத்தில் ஒரு துறைமுகம்

என் கணவருக்குக் கை அடிபட்ட வருடம்தான் நான் அந்தச் சிவப்புப் பெட்டியை வாங்கினேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரிமோட்டும் சார்ஜரும் குடையும் விற்கிற கடை ஒன்றில் அது தொங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் செருகி விளையாடுகிற கேம் பெட்டி. இரண்டு பிடிகள், மஞ்சளும் வெள்ளையுமாக முனை வைத்த ஒரு வயர். அட்டையில் ஐந்நூறு விளையாட்டு என்று போட்டிருந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் வெளிநாட்டில் ஆள் இருந்த வீடுகளில் மட்டும் காணக்கிடைத்த ஒரு பெட்டியின் நகல் அது. அசல் வருவது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. நகல் மட்டும் இன்னும் சீனாவில் இருந்து வந்துகொண்டிருக்கிறது.

அவர் துறைமுகத்தில் ஒரு கம்பனியின் இழுவைப் படகில் வேலை செய்தவர். 'டக்' என்பார்கள். பெரிய கப்பல்கள் தாமாக வந்து துறைமேடையில் அணையமாட்டா. டக்குகள்தான் கயிறு போட்டு இழுத்தும் மூக்கால் தள்ளியும் அவற்றைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சீமெந்து ஏற்றி வந்த கப்பல் ஒன்றைக் கட்டும்போது கயிறு இறுகி அவருடைய வலது கையைப் பிடித்துவிட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. பெருவிரல் மிஞ்சியது, ஆனால் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் ஒரு பச்சை ரப்பர் பந்தைத் தந்து, அதைத் தினமும் அமத்தச் சொல்லி அனுப்பினாள்.

"நான் என்ன நாய்க்குட்டியே, பந்து விளையாட?" என்று அவர் அதை முற்றத்தில் எறிந்தார். நான் எடுத்து வந்து மேசையில் வைத்தேன். மறுபடி எறிந்தார். கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது, பிடியின் வலது பக்கத்துப் பட்டன்கள்தான் முதலில் என் கண்ணில் பட்டன. அவற்றைப் பெருவிரலால்தான் அமத்த வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் தட்டைத் தொலைக்காட்சியில் அந்த வயரைச் செருகத் துளையே இல்லை என்பது தெரிந்தது. சல்லிக் கிராமத்தில் இருக்கும் என் மச்சாளிடம், அவருடைய அக்காவிடம், பழைய பெட்டித் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. கேட்டேன். மறுநாள் ஆட்டோவில் தொலைக்காட்சியும் வந்தது, மச்சாளும் வந்தா. மடியில் ஒரு உடுப்புப் பையும் இருந்தது.

"ரீவி இருக்கிற இடத்திலதான் நானும் இருப்பன்" என்றா. "தம்பியையும் பாத்த மாதிரி இருக்கும்."

மச்சாளின் பிள்ளைகள் இரண்டும் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். கருவாடு போடுகிற வேலையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தா. வந்த அன்றே சமையலையும் குசினியையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டா. பின்னேரம் நாடகம் தொடங்கியதும் தொலைக்காட்சியையும் எடுத்துக்கொண்டா.

கேம் பெட்டியில் என் கணவர் விளையாடியதை விட நான் பார்த்துக்கொண்டிருந்ததே அதிகம். ஐந்நூறில் முக்கால்வாசி ஒரே விளையாட்டுகள்தான், பெயரை மாற்றி வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பட்டன் வேண்டும். அவர் ஒன்றைப் பெருவிரலாலும் மற்றதை உள்ளங்கையின் அடியாலும் அமத்தப் பார்த்துப் பிடியைக் கீழே போடுவார். நான் பார்த்தது வேறு ஒன்றை. மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்றில் மீனின் செதில்கள் செம்மஞ்சளில் இருந்து மெல்ல மெல்ல மங்கி வெள்ளையாகின. அசல் பெட்டியால் அது ஏலாது. அதில் படத்தைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து அடுக்குவார்கள்; ஒரு சதுரத்துக்குள் மூன்று நிறமும் ஒரு பின்னணியும்தான் போடலாம். நான் பல்கலைக்கழகக் கம்பஸ் ஒன்றில் கணினி ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறேன். படிக்கிற காலத்தில் அந்த அசல் பெட்டிக்கு நிரல் எழுதுவதைப் பொழுதுபோக்காகக் கற்றிருந்தேன். அதனால்தான் மீன் என் கண்ணில் குத்தியது.

திருப்புளியால் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு பச்சைப் பலகை, நடுவில் முக்கியச் சிப்பை மூடிய கறுப்புப் பசைக் கட்டி, ஓரத்தில் நிறையக் கால்களோடு ஒரு நினைவகச் சிப். இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அங்கேதான் விளக்கம் கிடைத்தது. நகல் எடுத்தவர்கள் நகலோடு நிற்காமல் அதைக் கூட்டியும் இருக்கிறார்கள். ஒரு சதுரத்துக்குப் பதினாறு நிறம், பெரிய நினைவகம். நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு எண்ணை எழுதினால்தான் அது திறக்கும். எழுதாவிட்டால் நகல் அசல் பெட்டி மாதிரியே நடந்துகொள்ளும். தொழிற்சாலைக்காரர்கள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. ஆசைக்காக இதற்கு விளையாட்டு எழுதுகிறவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

நான் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவர் கேட்டார்.

"என்ன எழுதுறீர்?"

"உங்களுக்கு ஒரு கேம்."

"அதுதான் ஐந்நூறு கிடக்குதே."

"எல்லாத்துக்கும் ரெண்டு பட்டன் வேணும். நான் எழுதிறதுக்கு ஒண்டு போதும்."

முதலில் மாங்காய் விழுவதைக் கூடையில் ஏந்துகிற ஒன்றைச் செய்தேன். கொஞ்சம் விளையாடிவிட்டு, "இது நேசரிப் பிள்ளையளுக்கு" என்று மடிக்கணினியைத் தள்ளி வைத்தார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான். வேறு என்ன செய்வது என்று யோசித்தால் எனக்குத் துறைமுகம்தான் வந்தது. அதைச் செய்யலாமா என்றுதான் தயக்கம். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் துறைமுகப் பக்கத்து ரோட்டால் போவதே இல்லை. சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவார். ஆனாலும் செய்தேன். மேலே இருந்து பார்ப்பது போல நீலத் தண்ணீர், சாம்பல் மேடை, ஒரு நீளக் கப்பல், அதைத் தள்ளுகிற சின்ன டக். பட்டனை அமத்தினால் டக் தள்ளும், விட்டால் நிற்கும்.

கொண்டுபோய்க் காட்டினேன். பட்டனை ஒருதரம் அமத்திவிட்டுக் கையை எடுத்தார். எழும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"கயிறு எங்க?" என்றார்.

"கயிறு போடேல்ல. தள்ளுறது மட்டும்தான்."

"தள்ளினாப்போல கப்பல் வந்திடுமே? கயிறில்லாம டக் என்னத்துக்கு?"

நான் ஏன் போடவில்லை என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"போடும்" என்றார். "எப்பிடி எண்டு நான் சொல்லுறன்."

மடிக்கணினியின் சார்ஜர் வயரை எடுத்து ஒரு முனையைக் கதிரைக் காலில் சுற்றினார். மறு முனையை என் கையில் தந்து தளர்த்திப் பிடிக்கச் சொன்னார்.

"தளர்வா இருக்கேக்க கயிறு தண்ணிக்குள்ள கிடக்கும். கப்பல் ஒரு அசைவு அசைஞ்சா எழும்பும். இறுக இறுக உள்ள இருக்கிற தண்ணியைப் பிழிஞ்சு விடும். துளி துளியாத் தெறிக்கும். அதுதான் அடையாளம். தெறிக்கத் தொடங்கினா கிட்டக் கை கொண்டு போகப்படாது."

"அண்டைக்குத் தெறிச்சதா?"

"மழை பெய்தது" என்றார். "எது மழைத் தண்ணி, எது கயிற்றுத் தண்ணி எண்டு தெரியேல்ல. தளர்வா இருக்குது எண்டுதான் நான் கையை வைச்சனான்."

குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. விபத்து எப்படி நடந்தது என்று அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கம்பனியில் இருந்து வந்தவர்களிடம்கூட 'கயிறு பிடிச்சிட்டுது' என்றதோடு நிறுத்திக்கொண்டார். நான் வயரைப் பிடித்தபடியே நின்றேன். அவர் அதைக் கதிரைக் காலில் இருந்து கழற்றி ஒழுங்காகச் சுருட்டி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தேங்காய்ச் சத்தம் மறுபடி தொடங்கியது.

கயிற்றை எழுத எனக்கு ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது. கம்பஸால் வந்து, பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு உட்காருவேன். கயிறு இறுக இறுக வெள்ளையில் இருந்து மஞ்சளுக்கு, மஞ்சளில் இருந்து செம்மஞ்சளுக்கு, பிறகு சிவப்புக்குப் போகும். பதினாறு நிறம் இருந்ததால்தான் அது சட்டென்று மாறாமல் கண்ணுக்குத் தெரியாமல் மாறியது. சிவக்க முதல் துளிகள் தெறிக்கும். அப்போது பட்டனை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் அறுந்துவிடும். ஆக, அமத்துவதும் விடுவதும் அளவாக வேண்டும். அந்தப் பெருவிரலுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கயிறு வந்ததும் அவர் விடவில்லை. டக், கார் மாதிரித் திரும்புகிறது, அப்படித் திரும்பாது, வழுக்கிக்கொண்டு போகும் என்றார். கப்பல் இவ்வளவு கெதியில் நிற்காது என்றார். தேத்தண்ணிக் கோப்பையின் தட்டை மேசையில் தள்ளித் தள்ளிக் காட்டினார். சொன்னபடியெல்லாம் செய்தேன். அதை விளையாட உட்கார்ந்தவர் ஒரே ஒரு கப்பலைக் கட்டி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"அச்சொட்டா இருக்குது" என்றார். "ஆனா இதுக்குச் சம்பளம் தரோணும்."

விபத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது என்று நினைக்கிறேன். இருவருமாகச் சேர்ந்து வேகத்தைக் கூட்டினோம். எவ்வளவு கூட்டலாம் என்பதில் சண்டையும் பிடித்தோம். வழுக்குவது இருக்கட்டும், ஆனால் பாதியாக இருக்கட்டும் என்று முடிந்தது.

அதுவரை மச்சாள் இந்த விஷயத்தில் தலைபோடவில்லை. ஒருநாள் கறிக்கு மரக்கறி வெட்டிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தா.

"படகில ஆக்களைக் காணேல்ல. ஆர் ஓட்டுறது, பேயோ?"

என் கணவர் சிரித்துவிட்டு, சதுரக்கோடு போட்ட தாள் கேட்டார். ஒரு ஆளுக்கு எட்டுப் புள்ளி அகலமும் பதினாறு புள்ளி உயரமும்தான் தரலாம் என்று சொன்னேன். இடது கையால் பென்சில் பிடித்து, கட்டம் கட்டமாக நிரப்பினார். முதல் ஆள் ஒரு பானை மாதிரி இருந்தான். இரண்டாவது ஆள் பரவாயில்லை. செம்மஞ்சள் அங்கி, வெள்ளைத் தொப்பி. இடது கையால் வரைந்தது என்று சொன்னால்தான் தெரியும். அதற்குப் பிறகு பாரந்தூக்கி, மேடையில் நிற்கிற லொறி, எதிர்க் கரையின் மரங்கள் எல்லாவற்றையும் அவரே வரைந்தார். நான் அவர் சொன்ன நிறத்தில் பதிந்தேன்.

மச்சாளுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. கயிறு அறுந்ததும் திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

"இது என்ன சொல்லுது?"

"முடிஞ்சுது எண்டு சொல்லுது, மச்சாள்."

"அதைத் தமிழில சொன்னா என்ன?"

சொல்லலாம், ஆனால் ஒரு சதுரத்தின் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் தமிழ் எழுத்து அடங்காது. ப, ட, ம மூன்றும் ஒழுங்காக உட்காரும். ண, ஞ எல்லாம் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிடும். கடைசியில் ஒரு எழுத்துக்கு இரண்டு சதுரம் என்று வைத்தேன். அப்படி வைத்தால் நீளச் சொற்கள் திரையை விட்டு வெளியே போய்விடும். ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்து எடுத்தோம். கப்பல் அணைந்ததும் என்ன எழுதுவது என்ற இடத்தில் எனக்கு 'வெற்றி'தான் தோன்றியது.

"அப்பிடி ஆரும் சொல்லுறதில்ல" என்றார் அவர். "ரேடியோவில கட்டியாச்சு எண்டுதான் சொல்லுவம்."

கட்டியாச்சு என்றே போட்டேன். தோற்றால் அறுந்துது. விளையாட்டு முழுவதிலும் அந்த இரண்டு சொற்கள்தான்.

மடிக்கணினியில் ஓடுவது வேறு, பெட்டியில் ஓடுவது வேறு. புது நினைவகச் சிப்பையும் அதில் எழுதுகிற கருவியையும் வரவழைத்து, எழுதி, போன் திருத்துகிற ஒருவரிடம் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுபோனேன். சூடான காற்றை அடித்துப் பழைய சிப்பை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டித் தர வேண்டும். பூதக்கண்ணாடிக்குள்ளால் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதைவிடப் புதுசு ஒண்டு வாங்கலாமே."

"புதுசில இந்தக் கேம் இல்லை" என்றேன். ஒட்டித் தந்தார்.

பெட்டித் தொலைக்காட்சியில் செருகியதும் துறைமுகம் வந்தது. ஆனால் கடல் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. மடிக்கணினித் திரையில் நீலமாக இருந்தது மச்சாளின் பழைய தொலைக்காட்சியில் அப்படி மாறிவிட்டது. நிறங்களைத் திருத்தி எழுத அந்தப் போன் கடைக்கு இன்னும் இரண்டு முறை போக வேண்டி வந்தது.

பிறகு காலையில் அவர் விளையாடுவார், பின்னேரம் மச்சாள். மச்சாள் முதலில் ஒவ்வொரு கயிற்றையும் அறுத்தா. பிறகு நாடகம் தொடங்கிய பிறகும், "இந்தக் கப்பலைக் கட்டிப்போட்டு மாத்துறன்" என்று சொல்லத் தொடங்கினா. மாற்றாமலே விட்ட நாட்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பெருவிரலை மடக்கி அளந்து பார்த்து, நல்ல முன்னேற்றம் என்றாள்.

"பந்தை ஒழுங்கா அமத்துறீங்களா?"

"ஓம், பந்துதான்" என்றார் அவர். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் தனியாகப் போய் உள்ளதைச் சொல்லிக் கேட்டேன். எப்படியும் இவ்வளவு வந்திருக்கும், பழகினதால் கொஞ்சம் கெதியில் வந்திருக்கலாம் என்றாள். அவ்வளவுதான்.

மச்சாள் சல்லிக்குத் திரும்புகிற கதை எடுத்தபோது தனக்கும் ஒன்று வேண்டும் என்றா. பேருந்து நிலையத்துக் கடைக்கே போனேன். அதே சிவப்புப் பெட்டி, அதே அட்டை, அதே ஐந்நூறு. சிப்பை மாற்றிச் செருகினால் வெறும் சாம்பல் திரை. சிப் பிழையோ என்று வேறொன்றை மாற்றிப் பார்த்தேன், அதுவும் சாம்பல்தான். கடைக்காரர், "ஒரே சாமான்தான், தங்கச்சி, ஒரே பார்சலில வந்தது" என்று சத்தியம் பண்ணினார். கழற்றி இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பசைக் கட்டியின் அளவு வேறு.

இணையக் கூட்டத்தில் கேட்டேன். பிரேசிலில் இருந்து ஒருவர் பதில் எழுதினார். பசைக்குள் இருக்கும் இந்தச் சிப்புகளில் சில வகைகள், கட்டளைகளை வாசிக்கும்போது இரண்டு பிட் இலக்கங்களை இடம் மாற்றி வாசிக்குமாம். மற்றவர்களின் விளையாட்டு அதில் ஓடக்கூடாது, தங்களுடையது வேறெங்கும் ஓடக்கூடாது என்பதற்காக அப்படியாம். ஊரார் பெட்டியை நகல் எடுத்தவர்கள், தங்களை யாரும் நகல் எடுத்துவிடாமல் பூட்டுப் போட்டிருந்தார்கள். வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அது தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. நான் முன்கூட்டியே மாற்றி எழுதினால் சிப் அதை மறுபடி மாற்றிச் சரியாக வாசிக்கும். அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். முதல் முறை கட்டளைகளோடு படங்களையும் சேர்த்து மாற்றிவிட்டது. சாம்பல் போய்த் திரை வந்தது, ஆனால் கப்பல், மரம், லொறி எல்லாம் சிதறிக் கிடந்தன.

"என்ர லொறியை என்ன செய்தனீர்?" என்று கேட்டார் அவர்.

கட்டளைகளை மட்டும் தொடுமாறு திருத்தினேன். அன்று பின்னேரம் இரண்டாவது பெட்டியிலும் கட்டியாச்சு வந்தது.

அந்த நாட்களில்தான் ஒருநாள் காலை அவர் முகம் வழித்து, இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"கம்பனிக்குப் போட்டு வாறன்."

நான் கேற்றடி வரை போனேன். துறைமுகப் பக்கத்து ரோட்டில்தான் திரும்பினார். மச்சாள் பின்னால் வந்து நின்று, "கூப்பிடாத, போகட்டும்" என்று மெல்லச் சொன்னா. அந்த முற்பகல் எங்கள் இருவருக்கும் வேலை ஓடவில்லை. நான் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"டெக்கில விட ஏலாதாம். மேல ஒரு அறை. கதிரை, ரேடியோ. கப்பல் வாற நேரம் டக்குக்கு இடம் வலம் சொல்லோணும். ஏசியும் இருக்குது."

"பிடிச்சிருக்குதா?"

"கதைக்கத்தானே வேணும். கதைப்பன்."

பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. முதல் மாதம் முழுவதும் வீட்டுக்கு வந்து ஏசினார். புதிதாக டெக்கில் சேர்ந்தவர்கள் சொல் கேட்பதில்லை, தெறிக்குது தள்ளி நில் என்று ரேடியோவில் கத்த வேண்டியிருக்கிறது என்றார். பிறகு ஏச்சுக் குறைந்தது. அவர்கள் கேட்கத் தொடங்கினார்களோ இவர் பழகிவிட்டாரோ தெரியாது. இப்போது காலையில் நேரத்துக்கே போகிறார். கையை யாராவது பார்த்தால் சட்டைப் பைக்குள் விடுவதில்லை.

மச்சாள் போகும்போது தொலைக்காட்சியும் போனது. அதனால் எங்கள் வீட்டில் இப்போது பெட்டியைச் செருக இடமில்லை. விளையாட்டை இணையத்தில் யாரும் எடுக்கலாம் என்று போட்டுவிட்டேன். கொஞ்சப் பேர் எடுத்தார்கள். ஒருவர், கப்பல் இவ்வளவு வழுக்கக்கூடாது என்று குறைபட்டார். இன்னொருவர் ஆங்கிலத்திலும் வேண்டும் என்று எழுதினார். இரண்டு சொல்தானே என்று அவற்றின் பொருளை எழுதி அனுப்பினேன்.

சல்லியில் மச்சாளின் ஒழுங்கையில் இருக்கும் பெண்கள் பின்னேரத்தில் வந்து விளையாடுகிறார்களாம். மச்சாள்தான் நன்றாகக் கட்டுகிறாவாம்; அதையும் மச்சாளே சொன்னா. போன கிழமை மச்சாள் போன் எடுத்து என்னிடம் ஒரு குறை சொன்னா.

"எப்ப பார்த்தாலும் நீலக் கடல். மாரியில கடல் இப்பிடியே இருக்கும், பிள்ளை? காத்தும் இல்லை, மழையும் இல்லை. எல்லாரும் சுகமாக் கட்டுறாளுகள்."

மழை போடலாம். மழை போட்டால் கயிற்றின் துளிகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். இதைச் சாப்பாட்டு மேசையில் அவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"கஷ்டமாத்தானே இருக்கோணும்" என்றார். "போடும்."

எல்லாச் சதுரங்களுக்கும் பொதுவாக நான் எடுத்த பதினாறு நிறமும் முடிந்துவிட்டது. மாரிக் கடலுக்கு ஒரு சாம்பல் வேண்டும், மழைக்கு இன்னொன்று. எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்க் கரை மரங்களுக்கு அவர் கொடுத்த மூன்று பச்சையில் இரண்டு போகும்போல் இருக்கிறது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.